‘கருவி’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

தமிழ்நாட்டில் அரசுப் பணம் ஒரு கலைஞரிடம் இரண்டு வழியாக வந்து சேர்கிறது. நன்றாக இருக்கும்போது பொன்னாடையாக வரும். நொடிந்துபோன பிறகு உதவித்தொகையாக வரும். இரண்டுக்கும் நடுவே அவர் வேலை செய்துகொண்டிருக்கும் முப்பது நாற்பது வருடங்களுக்கு என்ன வழி என்று கேட்டால், அது அவரவர் பாடு. மேடையேறும் கலைஞருக்காவது அந்த நடு வருடங்களில் திருவிழா இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது, சாவு இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவியும் மடிக்கணினியும் நாலு ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு அதுவும் கிடையாது.

டிஜிட்டல் கலை, ஒலிக்கலை என்றெல்லாம் சொன்னதும் இது பெங்களூர், டெல்லி சமாச்சாரம், ஈரோட்டுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் வீரப்பன்சத்திரம் பக்கம் தறிப்பட்டறைகளின் சத்தத்தை ராத்திரி ஷிப்டில் பதிவு செய்கிறார். பத்துத் தறி ஒரே வேகத்தில் ஓடுவதுபோலத்தான் நமக்குக் கேட்கும். அப்படி ஓடுவதில்லை. ஒன்றை ஒன்று முந்தும், பின்தங்கும், எப்போதாவது எல்லாம் ஒரே அடியில் வந்து விழும். ஊடை அறுந்து ஒரு தறி நின்றால் மிச்ச ஒன்பதின் தாளமும் காதுக்குள் மாறிவிடும். இதை எட்டு ஸ்பீக்கர்களில் பிரித்து, நடுவே ஆள் நடந்து கேட்கும்படி ஒரு அறை அமைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். நாடா ஓடும் பழைய தறிகள் ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்பதால் அவருக்கு அவசரம்.

ஒரு கலை உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பிக்க நினைத்தபோது படிவத்தை நிரப்ப என்னைக் கூப்பிட்டார். குருவின் பெயர், பயின்ற ஆண்டுகள், பங்கேற்ற மேடை நிகழ்ச்சிகள் என்று போய்க்கொண்டிருந்த படிவத்தில் ‘வாசிக்கும் கருவி’ என்று ஒரு கட்டம் வந்தது.

“என்னங்ணா எழுதறது? ரெக்கார்டர்னு போட்டா, ஸ்டூடியோக்காரன் எதுக்குடா இங்க வந்தான்னு கேப்பாங்க.”

“தறின்னு போடேன்.”

“அப்ப கைத்தறித் துறைக்குப் போன்னு சொல்லிருவாங்ணா.”

சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கட்டம் சிரிப்புக்கு உரியதில்லை. யார் கலைஞர், எது கருவி, எது வேலை என்பதைப் பற்றி ஒரு தீர்மானம் அதற்குள் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தைத்தான் நான் விமர்சிக்க வேண்டியிருக்கிறது.

*

முதலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இயல் இசை நாடக மன்றம் 1955-இல் தொடங்கப்பட்டது. கலைமாமணி விருது நமக்கெல்லாம் தெரியும். மாவட்ட அளவில் வயதுக்கு ஏற்றபடி கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று ஐந்து விருதுகள். பெயர்கள் அழகாக இருக்கின்றன. பிறகு, இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க ஆண்டுக்கு 500 நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தலா 10,000 ரூபாய். நலிந்த நிலையில் உள்ள கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007 முதல் தனி நல வாரியமும் இருக்கிறது.

ஒன்றிய அரசின் பக்கம் போனால், கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 5,000 ரூபாய் தருகிறது. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு இளநிலை ஆய்வுநல்கை மாதம் 10,000, முதுநிலை 20,000. இது கொஞ்சம் மேல். காரணம், இது விருதும் இல்லை, நிவாரணமும் இல்லை. உட்கார்ந்து வேலை செய் என்று தரப்படும் பணம். ஆனால் இளம் கலைஞர் திட்டத்தின் துறைப் பட்டியலைப் பாருங்கள்: சாஸ்திரிய இசை, சாஸ்திரிய நடனம், நாடகம், மைம், காட்சிக்கலை, நாட்டார் மற்றும் பழங்குடிக் கலைகள், மெல்லிசை. மைமுக்கு இடம் இருக்கிறது. ஒலிக்கு இல்லை.

எது கருவி என்று அரசு முடிவு செய்வது இன்றைய கதையும் இல்லை. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. அதன் கட்டைகளில் நம் இசையின் கமகங்கள் வராது, அது அந்நியக் கருவி என்பது வாதம். அந்தத் தடை 1971 வரை நீடித்தது. அதே காலத்தில் நம்மூர் நாடகக் கொட்டகையிலும் கூத்து மேடையிலும் ஆர்மோனியம் இல்லாமல் ஒரு ராத்திரி விடிந்ததில்லை. அரசு வானொலிக்குக் கருவியாகத் தெரியாதது ஊருக்குக் கருவியாக இருந்தது. முப்பது வருடம் கழித்து அரசு ஊருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

*

டிஜிட்டல் ஒலிக்கு அரசு பணம் செலவழிப்பதே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். நிறையவே செலவழிக்கிறது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் 1981 முதல் ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறது. 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குள் போனால் திரைகளும் அசைவூட்டப் படங்களும் இருக்கின்றன. அணைக்கட்டு, மணிமண்டபம், கண்காட்சி என்று எங்கே போனாலும் இப்போது லேசர், திரை, குரல். ஆனால் அந்தப் பணம் வேறு வாசல் வழியாக வருகிறது. கலைக்கான நிதியாக வராமல் ஒப்பந்தப்புள்ளியாக, சுற்றுலா வளர்ச்சியாக வருகிறது. இத்தனை வாட் ஸ்பீக்கர், இத்தனை நிமிடக் காட்சி, இத்தனை மாதப் பராமரிப்பு என்று கேட்கப்படுகிறது. கேட்கிறவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அதைச் சத்தமாகச் சொல்லித் தரத்தான் ஆள் தேவை.

இது தப்பு என்று நான் சொல்லவில்லை. அரசுக்கு அப்படிப்பட்ட வேலைகளும் தேவைதான். ஆனால் ஒலி என்றால் அரசு சொல்வதைப் பெரிதாக்கும் சாதனம் என்று மட்டுமே புரிந்துவைத்திருந்தால், தானாக ஒன்றைக் கேட்டு, யோசித்து, உண்டாக்குகிறவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

இதற்கு இந்தியாவிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் ஒன்றிய அரசால் தொடங்கப்பட்டது. 1969-இல் அங்கே ஒரு மின்னணு இசை ஸ்டூடியோ வந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் வந்து, மூக் சிந்தசைசரை வைத்து, அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, அப்போது மாணவராக இருந்த ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே வேலை செய்தார்கள். மூன்றே வருடம்தான். 1972-க்குப் பிறகு அது நின்றுபோனது. ஒலிநாடாக்கள் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன. 2017-இல் பிரிட்டனிலிருந்து வந்த கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுத்தார். பிபிசி வானொலி அவரை வைத்து ஒரு ஆவண நிகழ்ச்சி செய்தது. 2023-இல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்று ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது.

அந்தத் தொகுப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எல்லாமே மகத்தானவை என்று சொல்ல மாட்டேன். சிலது புதுக் கருவி கையில் கிடைத்தவர் அதன் குமிழ்களைத் திருகிப் பார்க்கும் பயிற்சிதான். மாத்தூரின் ‘மை பேர்ட்ஸ்’ அப்படியில்லை. இயந்திரத்தைப் பறவையாக்கிப் பார்க்கும் குறும்பு அதில் இருக்கிறது. ஜோஷிபுராவின் ‘ஸ்பேஸ் லைனர் 2001’ ஒரு இளைஞனின் விண்வெளிக் கனவு, இந்தியச் சாயல் எதையும் வலிந்து பூசிக்கொள்ளாதது. இந்தத் தொகுப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ‘குமிழ் திருகும்’ பகுதிகள்தான். ஏனென்றால் அரசு நிறுவனம் ஒன்று, வீணாகப் போகலாம் என்று தெரிந்தே, சிலருக்கு நேரம் கொடுத்திருக்கிறது. அதே தொகுப்பில் 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்காக அதுல் தேசாய் செய்த பதிவுகளும் இருக்கின்றன. அப்போதே அரசுக்கு ஒலி எதற்குத் தேவைப்பட்டது என்பது அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது. இருந்தாலும் கண்காட்சி வேலைக்கு நடுவே மாத்தூருக்குப் பறவைகளைச் செய்ய நேரம் கிடைத்திருக்கிறது.

இதோடு ஒப்பிட வேண்டியது வேறு ஊர்களில் நடந்தது. ஜெர்மனியின் கோலோன் நகர வானொலி 1951-இல் மின்னணு இசை ஸ்டூடியோ தொடங்கியது. பிபிசி 1958-இல் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் தொடங்கியது. அது நாற்பது வருடம் ஓடியது. இரண்டும் மக்கள் பணத்தில் ஓடிய வானொலிகள். நாடகத்துக்குச் சத்தம் செய்துகொடு என்று வைத்த அறையில் புதிய இசை பிறந்தது. இங்கும் வானொலி நிலையங்கள் இருந்தன, ஸ்டூடியோ இருந்தது, மாதச் சம்பளத்தில் கலைஞர்கள் இருந்தார்கள். தொடர்ச்சிதான் இல்லை. ஒலிக்கலைக்குப் பணம் தருவதில் முதல் செலவைவிடப் பத்தாவது வருடச் செலவுதான் முக்கியம் என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

*

கொங்கு நாட்டுக்கு அகமதாபாத் தூரம்தான். நமக்குப் பக்கத்திலேயே ஒரு ஒலிநாடாக் கதை உண்டு.

1965-இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்துகொண்டிருந்தார். அண்ணன்மார் சாமி கதையை உடுக்கையடித்துப் பாடும் ராமசாமியை ராத்திரி ராத்திரியாகப் பாடச் சொல்லி முழுக்கதையையும் ஒலிநாடாவில் பதிந்துகொண்டார். காங்கேயம் அன்று கோவை மாவட்டம். 1979-இல் மாவட்டம் பிரிந்தபோது ஈரோட்டோடு சேர்ந்தது, 2009-இல் திருப்பூருக்குப் போனது. மாவட்டம் இரண்டு முறை மாறியும் பாட்டு அந்த நாடாவில் அப்படியே இருக்கிறது. 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டது. பிறகு பெக் கனடாவிலிருந்து அந்தக் கதையை 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டப் படத்தொடராகவும் எடுத்தார். டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகம் அவருடைய சேகரிப்பை டிஜிட்டல் வடிவில் வைத்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கொங்கு நாட்டின் மிகப் பெரிய வாய்மொழிக் காப்பியம், அறுபது வருடத்துக்கு முந்தைய குரலில், கனடிய மக்கள் பணத்தில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் சேமிப்பில் இருக்கிறது. பெக்கின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர் செய்திருக்காவிட்டால் அந்தக் குரல் காற்றோடு போயிருக்கும். “வெள்ளக்காரங்க நம்ம சொத்த எடுத்துட்டுப் போயிட்டாங்க” என்று புலம்புவது சுலபம். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இங்கே வைக்க இடம் இல்லை என்பதுதான் நிலைமை. 1965-இல் ஒரு கொங்கு நாட்டு இளைஞர் அதே நாடாக்களைப் பதிந்திருந்தால், அவருக்கு யார் நாடா வாங்கிக் கொடுத்திருப்பார்கள்? எந்தக் கட்டடத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்? இன்றைக்கு ஒருவர் பதிந்தாலும் அதே இரண்டு கேள்விகள்தான்.

எழுத்து விஷயத்தில் நம் அரசு இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக, நூல்களை மின்வடிவாக்கி யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்திருக்கிறது. நாமெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ ஒரு பழைய புத்தகத்தை அதிலிருந்து இறக்கிப் படித்தவர்கள்தான். அச்சில் இருந்தால் அது பண்பாடு, பாதுகாக்க வேண்டும். காதில் இருந்தால்? பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அகராதி போட்டார். அந்தச் சொற்களைச் சொல்லும் இழுவை எந்த அகராதியிலும் ஏறாது. “ஏனுங்” என்பதில் கடைசி ஒற்று மூக்கில் எங்கே போய் நிற்கிறது என்பதை எழுதிக் காட்ட முடியாது.

*

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். உடுக்கை அடிப்பவருக்கே மாதம் 3,000 ரூபாய்தான். அதை வைத்து ஒரு குடும்பம் மளிகைகூட வாங்க முடியாது. அந்த நிலைமையில் மடிக்கணினி வைத்திருக்கிறவனுக்கு எதற்குப் பணம்?

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. 500 பேருக்குப் பத்தாயிரம் என்றால் மொத்தம் 50 லட்சம் ரூபாய். மாநில அளவில் கருவி வாங்க அவ்வளவுதான். அதிலிருந்து பிய்த்து ஒலிக்கலைஞருக்குக் கொடு என்று யாராவது சொன்னால் முதலில் எதிர்க்கிறவன் நானாக இருப்பேன். ஆனால் இந்த இரண்டு பேரும் எதிரெதிர் வரிசையில் நிற்பவர்கள் இல்லை. ஒருவரின் குரல்தான் இன்னொருவரின் வேலை. ஒலிப்பதிவுத் திட்டம் ஒன்றுக்கு நிதி கொடுக்கும்போது, பாடுகிறவருக்கும் பேசுகிறவருக்கும் நாள் கூலி இவ்வளவு என்று நிபந்தனை போடலாம். பதிவின் உரிமையில் அவருக்குப் பங்கு என்று எழுதலாம். ஒரு நகல் அவர் ஊர் நூலகத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லலாம். இப்போது செல்போனில் பிடித்து யூடியூபில் போடுகிறவர்கள் இதில் எதையும் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை.

அடிப்படையான சிக்கல், அரசு கலையை வேலையாகப் பார்ப்பதில்லை என்பதுதான். ஈரோட்டுக்காரர்களுக்கு இதை விளக்கக் கஷ்டமே இல்லை. 2023-இல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் என்று இருந்ததை 1,000 யூனிட்டாக உயர்த்தினார்கள். கைத்தறிக்கு 200-லிருந்து 300. விசைத்தறிக்காரரிடம் உங்கள் குரு யார் என்று யாரும் கேட்கவில்லை. சிறந்த துணி நெய்தவருக்குப் பொன்னாடை போர்த்தி, மற்றவர்கள் எப்படியோ போகட்டும் என்று விடவும் இல்லை. தறி ஓட மின்சாரம் வேண்டும், அதில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது, அவ்வளவுதான். நெய்வது என்ன நிறம், என்ன டிசைன் என்பதில் அரசு தலையிடவில்லை. வேலைக்குத் தேவையான மூலப்பொருளில் கை கொடுப்பது எப்படி என்று இந்த அரசுக்கு நன்றாகவே தெரியும்.

ஒலிக்கலைஞரின் மின்சாரம் எது? நேரம். ஒரு பட்டறையில் பத்து ராத்திரி உட்கார வேண்டும். பதிந்ததைப் பத்து மடங்கு நேரம் கேட்க வேண்டும். முக்கால்வாசியைத் தூக்கிப் போட வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் கேட்பார்கள், “என்னடா பண்றே?” பதில் சொல்ல முடியாது. கடைசியில் மிஞ்சுவதும் கையில் எடுத்துக் காட்டும் பொருள் இல்லை, மேடையில் போர்த்தும் பொன்னாடைக்குத் தோள் கொடுக்கும் நிகழ்ச்சியும் இல்லை. அதனால்தான் விருது முறைக்கு இந்தக் கலை பிடிபடுவதே இல்லை.

அயர்லாந்தில் 2022-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ, மூன்று வருடம். எந்தப் படைப்பை முடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எனக்கு அதில் பிடித்தது தொகைகூட இல்லை, தேர்ந்தெடுத்த விதம். தகுதி உள்ளவர்கள் யார் என்று பார்த்துவிட்டு, அதற்குள் குலுக்கல் போட்டார்கள். நம்மூரில் எந்த விருது அறிவித்தாலும் டீக்கடையில் முதலில் வரும் பேச்சு, “ஆள் தெரிஞ்சாத்தான் கெடைக்குமுங்க”. அது உண்மையோ இல்லையோ, அந்தச் சந்தேகத்தாலேயே பாதிப் பேர் விண்ணப்பம் போடுவதில்லை. குலுக்கலில் ஆளும் தெரியாது, சாதியும் தெரியாது, கட்சியும் தெரியாது.

அந்தக் கடைசிச் சொல் முக்கியம். அரசுப் பணம் வாங்கினால் அரசைப் பற்றி வாய் திறக்க முடியுமா என்று இளம் கலைஞர்கள் கேட்கிறார்கள். தறிப்பட்டறையின் சத்தத்தைப் பதியப் போனால் அங்கே வேலை செய்கிறவர்களின் காது என்ன ஆகிறது என்ற கேள்வியும் சேர்ந்து பதிவாகும். சாயக்கழிவு கலந்த காலிங்கராயன் வாய்க்காலின் ஓசையைப் பதிந்தால் அது சுற்றுலா விளம்பரமாக இருக்காது. ஆகவே பணத்தை முடிவு செய்யும் இடம் அமைச்சரின் மேசையாக இருக்கக் கூடாது. பங்கேற்கும் கலைஞர்களும் வெளியாட்களும் இருக்கும், பெயர்களும் காரணங்களும் பகிரங்கமாக வெளியிடப்படும் ஒரு குழு வேண்டும். அது இல்லாமல் புதிய பிரிவை மட்டும் சேர்த்தால் கலைமாமணிப் பட்டியலில் இன்னொரு வரி கூடும், வேறொன்றும் நடக்காது.

தனியார் அறக்கட்டளைகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. பெங்களூரில் இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் நல்கைகள் தருகிறது. நம் பக்கம் மேட்டூர் அருகே மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ சிற்றிதழையும் கூத்துக்கலைஞர்களுக்கான அமைப்பையும் கையைச் சுட்டுக்கொண்டு நடத்துகிறார். இவையெல்லாம் மதிக்க வேண்டியவை. ஆனால் அறக்கட்டளையிடம் நாம் வேண்டுகோள்தான் வைக்க முடியும். அரசிடம் கணக்குக் கேட்கலாம். அது நம் வரிப்பணம் என்பதால் அந்த உரிமை இருக்கிறது.

அந்தக் கணக்கு ரகசியமும் இல்லை. ஒவ்வொரு வருடமும் மானியக் கோரிக்கையின்போது கலை பண்பாட்டுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது, இணையத்திலும் கிடைக்கிறது. நல்ல தமிழில்தான் எழுதியிருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு, எத்தனை பேருக்கு, எதன் பெயரில் என்று எல்லாம் இருக்கிறது. நாவல் விருதுகளின் குறும்பட்டியலை வரிவரியாக அலசும் நாம் இதை ஒருமுறையாவது வாசித்துவிட்டு, விடுபட்ட வரி எது என்று எழுதிக் கேட்க வேண்டும். கேட்கிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் போதும், அடுத்த வருடப் படிவத்தில் அந்தக் கட்டத்தின் பெயராவது மாறும்.